டப்பாவின் அடியில் எழுதியிருந்தது

எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துணியோடுதான் வருவார்கள். டீ-ஷர்ட் துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா, அச்சடித்த படம் வெடிக்கிறதா என்று பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. திருப்பூரில் துணியைச் சோதிக்கிற லேபுகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் எங்கள் மேனேஜர் சார், உணவு வைக்கிற பிளாஸ்டிக்கையும் சோதித்துக் கொடுக்கலாம் என்று ஒரு மூலையில் தடுப்பு வைத்து, ஒரு ஓவனும் ஒரு தராசும் வாங்கிப் போட்டார். கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற குற்றத்துக்காக அந்த மூலை எனக்கு வந்தது. முதல் மூன்று மாதம் ஈ ஓட்டினேன் என்று கூடச் சொல்ல முடியாது. ஏசி அறை, ஈயும் வராது.

அப்படி இருந்த ஒரு நாளில்தான் அந்த அக்கா வந்தார். கையில் கட்டைப்பை, புடவையில் வெங்காயம் வதக்கிய வாசனை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இங்கே இருக்கிறார். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். இவர் வீட்டிலேயே சமைத்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பிரிண்டிங் செக்‌ஷனுக்கு மட்டும் தினமும் நாற்பது சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி இப்போது எல்லா செக்‌ஷனுக்கும் சேர்த்து முந்நூறு சாப்பாட்டை அவரிடமே தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. சாப்பாடு தனித்தனி டப்பாவில் வர வேண்டும்; அந்த டப்பா சூட்டில் கெடாது, அதிலிருந்து ஆகாதது எதுவும் சோற்றில் இறங்காது என்று லேப் ரிப்போர்ட் வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வரும்போது அதையெல்லாம் கேட்பார்களாம்.

கட்டைப்பையிலிருந்து பன்னிரண்டு டப்பாக்களை எடுத்து மேசையில் அடுக்கினார். ஒன்றுக்குள் ஒன்று செருகி, மேலே ஈரத்துணி போட்டு, கறிவேப்பிலை வாங்கி வருவதுபோல் கொண்டு வந்திருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லைங்க்கா என்று இரண்டு முறை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு மறுபடியும் அப்படியே கூப்பிட்டார். அதற்குமேல் நானும் மறுக்கவில்லை, உண்மையில் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

முந்நூறு சாப்பாடு என்றால் என்ன என்று அவரே சொன்னார். பக்கத்துத் தெருவில் இரண்டு பெண்களிடம் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். சமையலுக்கென்று தனியாக ஒரு வீடு பார்த்தாயிற்று. வீட்டுக்காரருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் எத்தனை நாள் மெஷினில் உட்கார முடியும் என்று தெரியாது. இந்த ஆர்டர் நிலைத்துவிட்டால் அதன்பிறகு அவர் உட்கார வேண்டியதில்லை. இதையெல்லாம் சோகமாகச் சொல்லவில்லை. மளிகை லிஸ்ட் சொல்வதுபோல் சொன்னார்.

சோதனை என்ன என்று அவர் கேட்டதற்கு, புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். சோற்றையும் குழம்பையும் வைத்தே சோதிக்க முடியாது. எனவே சோற்றுக்குப் பதில் தண்ணீர், புளிக்குழம்புக்குப் பதில் புளிப்பான ஒரு திரவம், எண்ணெய்க்குப் பதில் இன்னொன்று என்று டப்பாவில் ஊற்றி, அது தாங்க வேண்டிய சூட்டில் ஓவனுக்குள் வைப்போம். பிறகு அந்தத் திரவத்தைத் தனியே எடுத்து முழுக்க வற்றக் காய்ச்சுவோம். கிண்ணத்தின் அடியில் மிஞ்சுகிறது பாருங்கள், அதுதான் டப்பாவிலிருந்து இறங்கியது. அதை எடை போட்டு, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் பாஸ். அக்கா யோசித்துவிட்டு, அடிப்பிடிச்ச பாத்திரத்தைச் சுரண்டி எடை போடுதீய, அவ்வளவுதானே என்றார். நான் நாலு பக்கத்தில் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அதற்கு ஒரு படிவம் உண்டு. என்ன உணவு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று மூன்று கட்டங்கள். நான் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மைக்ரோவேவ் ஓவனுக்கான அலை அலையான குறியும், நூறு டிகிரி வரை என்ற எழுத்தும் அச்சாகியிருந்தன. அதைப் பார்த்து அப்படியே கட்டங்களை நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். அக்கா போட்டார்.

இது துணி லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். டீ-ஷர்ட்டின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளில் நாற்பது டிகிரியில் துவைக்கவும் என்று இருந்தால், நாங்கள் நாற்பது டிகிரியில் துவைப்போம். அதை வாங்குகிறவர் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, கல்லில் அடித்துத் துவைப்பார் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அது எங்கள் கவலை இல்லை. லேபிள் சொல்வதைத்தான் சோதிக்க வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். நாலு வருஷத்தில் நான் துணியைப் புரட்டி லேபிளைப் பார்ப்பது அனிச்சையாகிவிட்டது. டப்பாவையும் அப்படித்தான் புரட்டினேன்.

டப்பா பாஸ் ஆனது. அளவுக்கு மிகவும் கீழே. என் மூலையிலிருந்து போன முதல் ரிப்போர்ட் அது. அதில் என் கையெழுத்தைப் பெரிதாகவே போட்டேன். அக்கா அதை லேமினேட் செய்து வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார். ஊரிலிருந்து வந்த மக்ரூனை எடுத்துக்கொண்டு வந்தார். அதே டப்பாவில்தான் கொண்டு வந்தார். சார் உட்பட எல்லாரும் சாப்பிட்டோம். நானும் ஒரு காலத்தில் பிரிண்டிங்கில் வேலை பார்த்தவள்தான் என்று பேச்சோடு பேச்சாக அவரிடம் சொன்னேன். ஆர்டர் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. பிரிண்டிங் செக்‌ஷனின் நாற்பது பேருக்கு மட்டும் இப்போதே அந்த டப்பாவில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, அச்சடித்த துணி மாதிரிகளை எடுத்து வர அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கே போகும்படி ஆயிற்று. வழக்கமாக ஆபீஸ் பையன்கள் போவார்கள். அன்று யாரும் இல்லை. நான் பிரிண்டிங் செக்‌ஷனுக்குள் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அச்சடிக்கிற மேசைகளில் வேலை நின்றது. க்யூரிங் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துணியில் அச்சடித்த மை காய்வதற்கான மெஷின் அது. நீளமான சூட்டுக் கூண்டு, அதற்குள் மெதுவாக நகரும் பெல்ட். அணைத்துவிட்டால் திரும்பச் சூடேற வெகு நேரம் ஆகும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் அதை யாரும் அணைப்பதில்லை.

ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு டப்பாவைப் பெல்ட்டின் இந்த முனையில் வைத்துவிட்டு, அந்த முனைக்கு நடந்து போய் நின்றார்கள். டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின.

எனக்கு உடனே ஒன்றும் உறைக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, முதலில் எனக்குப் பசித்தது. காலேஜ் முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருஷம், திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் செக்கிங் வேலை பார்த்தேன். அங்கேயும் இதேதான். அம்மா கட்டிக் கொடுத்த எவர்சில்வர் டிபனை மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பெல்ட்டில் வைப்போம். அந்த முனையில் பழைய டீ-ஷர்ட் துணியால் பிடித்து எடுத்தால், ஆவி பறக்கச் சோறு. மையின் வாசனையும் ரசத்தின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்த இரண்டு வருஷத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

பிறகுதான், அந்த முனையில் வந்து விழுந்தவை எவர்சில்வர் இல்லை என்பது கண்ணில் பட்டது.

பெல்ட்டை ஓட்டுகிறவர் பீகார்க்காரர், நாற்பது வயதிருக்கும், பத்து வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய டப்பாவைக் காட்டச் சொன்னேன். ஒரு மூலை தொய்ந்து சாய்ந்திருந்தது. சிக்கன் குழம்பின் சிவப்பு எண்ணெய் மிதந்து நின்ற உயரத்தில், சுவரில் ஒரு வெளுத்த கோடு. விரலால் தடவினேன். அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது.

"கொஞ்சம் டேடா ஆகும் தீதி," என்றார் அவர், கோணலாகும் என்பதைக் கையால் காட்டிக்கொண்டு. "ஆனா சோறு சூடா இருக்கும். தண்டா சோறு உள்ள போகாது."

சோற்றில் தண்ணீர் இருக்கிறவரை அது நூறு டிகிரியைத் தாண்டாது. எண்ணெய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அது சுற்றியிருக்கிற சூட்டோடு போகும். கூண்டுக்குள் நூற்றைம்பதுக்கு மேல். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நாற்பது பேர் என் கையெழுத்தை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், திங்கட்கிழமையிலிருந்து முந்நூறு பேர். துணி மாதிரிகளை வாங்காமலே திரும்பிவிட்டேன். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

சாரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை; எங்கள் எல்லாருடைய கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு, நாம் எழுதியதில் தப்பு இல்லையே என்றார். நூறு டிகிரி வரை என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அவர்கள் அதற்குமேல் சூடு பண்ணினால் அது அவர்கள் பாடு.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வந்தது. இந்தப் பக்கத்தில் எந்தப் பிரிண்டிங் யூனிட்டில் பெல்ட்டில் சோறு வைக்காமல் இருக்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவரும் ஒரு காலத்தில் பிரிண்டிங்கில் சூப்பர்வைசராக இருந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"என்ன பண்ணோணும்ங்கற அம்மிணி?" என்றார் கடைசியில்.

மிச்சம் இருந்த நாலு டப்பாக்களை நூற்றைம்பதில் சோதிக்க வேண்டும் என்றேன். அந்தச் சூட்டுக்கு எங்கள் திரவங்கள் ஆகாது, கொதித்துப் போய்விடும். அதற்கென்று ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. டப்பாவின் உள்பக்கத்தில் பரப்பி ஓவனில் வைத்தால், பிளாஸ்டிக்கிலிருந்து வருவதையெல்லாம் அது இழுத்து வைத்துக்கொள்ளும். விலை அதிகம் என்பதால் சார் அதை நகை மாதிரி பீரோவில் பூட்டி வைத்திருந்தார். சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் சொன்ன சம்மதம் அவ்வளவுதான்.

முறைப்படி வைக்க வேண்டிய மிகக் குறைந்த நேரம் அரை மணி. ஓவனைத் திறந்தபோது நாலு டப்பாக்களும் களைத்துப் போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. தூளைக் கழுவி, கழுவிய திரவத்தை வற்றவைத்து, மறுநாள் கிண்ணத்தை எடை போட்டேன். எடை போடுமுன்பே தெரிந்தது. மெழுகு பூசியதுபோல் அடியில் ஒரு படலம். முதல் சோதனையில் கிண்ணம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. தராசு காட்டிய எண் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், வேறு எண் வரட்டும் என்றுதான்.

சனிக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். புது அடுப்பு வந்து இறங்கியிருந்தது. அந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக டப்பாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நூற்றைம்பதில் ஃபெயில் என்று எழுதிய இரண்டாவது ரிப்போர்ட்டைக் கொடுத்து, வந்த காரியத்தை நின்றுகொண்டே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மாதா படத்துக்குக் கீழே இருந்த ரிப்போர்ட்டை எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, என்னிடம் காட்டினார்.

"அவிய மெஷின்ல வச்சுத் திங்கது எனக்குத் தெரியும்லா," என்றார். "தெனமும் நான்தான கொண்டு குடுக்கேன். எம் முன்னாலதான் வைக்காவ. ஓவன்ல வைக்கலாம்னு அடியில எழுதியிருக்கு, அதுவும் ஓவன்தானன்னு நான் நெனச்சேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டாக்டரம்மா."

அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்களும் பிரிண்டிங்ல வேல பாத்தீயன்னு சொன்னீய. நீங்க அதுல சோறு வச்சதில்லையா?"

வைத்திருக்கிறேன் என்றேன். இரண்டு வருஷம்.

"பொறவு ஏன் கேக்கல?"

டப்பாவைப் புரட்டிப் பார்த்தேன், எதிரில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. இதைவிட நல்ல காரணம் எதுவும் இன்று வரை எனக்குக் கிடைக்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அது இன்னும் அவமானமாக இருந்தது.

அக்கா அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அது என்னிடமும் அவரிடமும்தான் இருந்தது. கம்பெனி கேட்டது ஒரு பாஸ் ரிப்போர்ட், அது அவரிடம் இருந்தது. திங்கட்கிழமை காலை அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கேன்டீன் பொறுப்பாளரிடம் போனார். நானும் கூடப் போனேன். பிரிண்டிங் செக்‌ஷனில் டப்பாவை மெஷினில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து தட்டில் பரிமாறுகிறேன் என்று சொன்னார். பொறுப்பாளருக்கு முதலாவது காதிலேயே விழவில்லை. மெஷினில் சோறு வைக்கிறார்கள் என்பதே எழுத்தில் வரக் கூடாது என்பதுதான் அவருடைய பயம். இரண்டாவதற்கு, தனித்தனி டப்பாதான் வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். பத்து நாளில் அந்த முந்நூறு சாப்பாடு வேறொருவருக்குப் போயிற்று. அவர் எந்த டப்பாவில் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் லேபுக்கு வரவில்லை.

சமையலுக்குப் பார்த்த வீட்டை அக்கா விட்டுவிட்டார். ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இன்னும் மெஷினில்தான் உட்காருகிறார். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மெஷின் ஆளைக் கூப்பிடுகிறாராம். இதை நான் நல்லபடியாக முடிந்த கதை மாதிரி சொல்ல முடியாது.

ஆனால் பிரிண்டிங் செக்‌ஷனின் நாற்பது பேர் புது ஆளிடம் போகவில்லை. ருசி பழகிவிட்டது என்றார்கள். அந்தப் பீகார்க்காரர்தான் பேசி வைத்தது என்று பிறகு தெரிந்தது. அக்கா அவர்களுக்கு எவர்சில்வர் டிபன் வாங்கிப் போட்டார். மதியம் கொடுத்து, சாயங்காலம் வாங்கிப் போய்க் கழுவுகிறார். நாற்பதும் ஒரே மாதிரி என்பதால், யாருடையது எது என்று தெரிய, கைப்பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் கட்டிங் வேஸ்ட் துணியைக் கட்டிவிட்டார்கள். பெல்ட்டில் வைக்கும்போது அதை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து, போன மாதம், அக்கா மறுபடியும் லேபுக்கு வந்தார். அதே கட்டைப்பை. அதற்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டிபனை எடுத்து, மூடியைத் திறந்து, உள்விளிம்பில் இருந்த வெள்ளை வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். குழம்பு சிந்தாமல் இருக்கப் போடுகிற வளையம், ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று. கடைக்காரர் நல்ல சரக்கு என்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் படிவத்தை எடுத்தேன். பழக்கதோஷத்தில் வளையத்தைப் புரட்டினேன். அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அக்கா என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, எவ்வளவு சூடு என்ற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: பிரிண்டிங் மெஷின் பெல்ட்டில் வைப்பார்கள். கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசி வார்த்தை வெளியே ஓரத்தில் ஏறியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப கேளுங்க," என்றார்.

வளையத்தை மேசையில் வைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன். என்ன சமைப்பீங்க, எப்பக் கொண்டு போவீங்க, யாருங்க்கா சாப்பிடுவாங்க என்று கேட்டேன். அவர் முதல் ஆளிலிருந்து தொடங்கினார். நாற்பது பேரையும் சொல்லி முடிக்கும்வரை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.